மனை வந்த பிறகு வந்த மன்றம்

சங்கரன்கோவிலை விட்டு எந்தச் சாலையில் வெளியே போனாலும் மனைப் பலகைகள்தான் கண்ணில் படுகின்றன. கரிசலில் எல்லைக்கல் நட்டு, சரள் பாதை போட்டு, ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்று எழுதியிருப்பார்கள். வாங்க வருபவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். இந்தக் காடு கடையும் மண்டபமும் ஆகலாம் என்று ஊரில் யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்யத் தமிழ்நாட்டில் உள்ள சட்டம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். இதே கேள்வி எழும் பக்கத்து நாடான இலங்கையில் 1946ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புக் கட்டளைச் சட்டமும், 1978இல் வந்த நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் உள்ளன. ஏட்டளவில் இரு பக்கத்து ஏற்பாடுகளும் அக்கா தங்கை மாதிரி. முழுமைத் திட்டம் தயாரானால் ஆட்சேபணை சொல்ல இங்கே குறைந்தது 2 மாதம், அங்கே 60 நாள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நம் விதி. இலங்கையின் 1986ஆம் ஆண்டு விதிகளும் 1 ஹெக்டேருக்கு மேல் அதே 10 சதவீதத்தைத்தான் கேட்டன.

நடைமுறையில்தான் வழிகள் பிரிகின்றன. நம் பக்கம் முதலில் விற்பார்கள், பிறகு வரன்முறை கேட்பார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது. மறு ஆண்டே அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்குக் கட்டணத்தோடு வழிவிட்டது. சேமிப்பையெல்லாம் கொட்டி மனை வாங்கிய குடும்பங்களை நடுத்தெருவில் விட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் கட்டணம் கருவூலத்துக்குப் போனது. விடாமல் போன பூங்கா இடம் ஊருக்குத் திரும்பவில்லை.

இலங்கையில் பெரிய மோதல்கள் அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்ததில் வெடித்தன. கொழும்பு காலிமுகத்திடலை ஒரு நிறுவனத்தின் கையில் கொடுக்க நகர அபிவிருத்தி அதிகாரசபை செய்த ஒப்பந்தத்தை 2005இல் நாட்டின் தலைமை நீதிமன்றம் தடுத்தது. ஒப்பந்த விவரத்தைக் கேட்டறிவது குடிமக்களின் உரிமை என்றும் சொன்னது. பொதுத் தேவைக்கென்று எடுத்த பத்தரமுல்லை நிலம் கோல்ஃப் மைதானமாகிவிட்ட ‘வாட்டர்ஸ் எட்ஜ்’ வழக்கில், 2008இல் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவுக்கே 30 லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. நிலத்தை அரசிடம் திருப்பித் தரவும் சொன்னது. அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கொழும்பில் வழக்குப் போட வசதியுள்ளவர்களுக்குக் கிடைத்த நீதி அது. வவுனியாவில் ஒரு வயல் கடைத்தெருவானால் அதைக் கேட்க வேண்டியது அந்த ஊர்ச் சபை.

அந்தச் சபைதான் இரண்டு நாட்டிலும் முக்கியமான நேரத்தில் இல்லாமல் போனது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. சங்கரன்கோவில் நகராட்சி 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தனி அலுவலர் கையில் இருந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர்த் தேர்தலும் வாய்க்கவில்லை; தென்காசி புது மாவட்டமாகப் பிரிந்ததால் 2021 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். வரன்முறைக் கோப்புகள் நகர்ந்ததும் இதே ஆண்டுகளில்தான். இலங்கையிலும் 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது. தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் அங்கே தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள்.

இப்போது நம் நகராட்சிகளில் பகுதி சபையும், ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபையும் கூடுகின்றன. மனைப்பிரிவோ வணிக வளாகமோ விண்ணப்பம் வந்தால், சர்வே எண்ணோடு, ஓடையும் குளத்து வரத்துக்காலும் குறித்த வரைபடத்தை ஒப்புதல் கையெழுத்துக்கு முன் அந்தக் கூட்டங்களில் விரிக்க வேண்டும். மழைத் தண்ணீர் எந்தக் காடு வழியாகக் குளத்துக்கு வரும் என்பது அங்கே வந்து உட்காரும் விவசாயிகளுக்குத் தெரியும்.