ஜிப்சியின் முன் ஸ்பிண்டில்: மண் டிராக்குக்கு எது தாங்கும்?

ஆட்டோகிராஸில் ஜிப்சி ஓட்டுகிறவர்கள் இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முன் ஸ்பிண்டில் என்றால், “ஸ்டப் ஆக்ஸில்தானே, ஏதோ ஒண்ணை மாட்டு” என்று முடித்துவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான். பெங்களூருக்கு வெளியே ஒரு செம்மண் டிராக்கில் இடது ஹப் சூடேறி, கிரீஸ் உருகி ரிம்மில் வழிந்த நாள்வரை.

அமெரிக்க மண் டிராக் ஸ்டாக் கார்களில் ஸ்பிண்டிலை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். அங்கே முன் சஸ்பென்ஷன் இரு பக்கமும் தனித்தனி; சக்கரக் கோணங்கள் ஸ்பிண்டிலைப் பொறுத்தவை. ஆனால் ஜிப்சிக்கு முன்னாலும் ஒரே கட்டை ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். சக்கரக் கோணங்களை ஆக்ஸிலும் நக்கிளும் தீர்மானித்துவிடுகின்றன. நக்கிளில் போல்ட் போட்ட ஸ்பிண்டிலின் முக்கிய வேலை, பேரிங்குகளை நேராகப் பிடித்துக்கொள்வதுதான். ஆகவே, இங்கே கேள்வி ஒன்றுதான்: எது நேராக இருக்கும்?

மூன்று ஜோடிகளைப் பார்த்தேன். சிவாஜிநகரில் வாங்கிய பழைய ஒரிஜினல், ஜே.சி. ரோட்டில் கிடைத்த பெயரில்லாத புதுசு, வெல்டிங் செய்து ‘பலப்படுத்திய’ ஒன்று.

புதுசு பார்க்கப் பளபளப்பு. பேரிங்கின் உள் ரேஸை ஏற்றினால் லேசாக ஆடியது. ரேஸ் கையால் தள்ளினாலே ஏறலாம்; ஆனால் நெருக்கமாக ஏற வேண்டும். இந்த ஆட்டம் இருந்தால் ஓடும்போது ரேஸ் சுற்றி, ஸ்பிண்டிலைத் தின்றுவிடும். நிராகரித்தேன்.

வெல்டிங் செய்ததன் ஃபிளான்ஜில் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தது. வெல்டிங் சூடு தகட்டை இழுத்திருக்கிறது. தையலின் ஓரத்தில் இரும்பு முறுகியிருக்கும். வளைந்து எச்சரிக்காமல் ஒரேயடியாக உடையலாம். இது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பழசைத் தேர்ந்தெடுத்துத் தந்த மெக்கானிக், “சார், கண்ணை நம்பாதீங்க, நகத்தை வெச்சு இழுங்க” என்றார். பேரிங் உட்காரும் இடத்தில் நகம் எங்கும் தட்டவில்லை. சூடேறிய நீல நிறம் இல்லை, மரைகள் கூர்மை. லேத்தில் கட்டி டயல் கேஜ் வைத்தபோதும் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் மட்டும் தேய்ந்திருந்தது; மாற்றினேன்.

வண்டி அகலமாக நிற்க வேண்டும் என்று ஸ்பேசர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள, வெளி பேரிங்கின் சுமையும் ஸ்டீயரிங் உதறலும் கூடும். மாருதியே 1993-இல் வைடு டிராக் மாடலில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மி.மீ. கூட்டிவிட்டது. அந்த ஆக்ஸிலைத் தேடுங்கள்.

ஒவ்வொரு ஹீட் பந்தயத்துக்குப் பிறகும் ஜாக்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். சகதியில் ஓடியபின் பிரஷர் வாஷ் செய்கிறீர்களா? சீலைத் தாண்டித் தண்ணீர் போயிருக்கும். ஹப்பைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறமென்றால், எந்த ஸ்பிண்டிலும் உங்களைக் காப்பாற்றாது.

தீர்ப்பு: சோதித்து வாங்கிய பழைய ஒரிஜினல். வாங்கும்போதே இரண்டு ஜோடியாக வாங்கிவிடுங்கள். 2019-இல் ஜிப்சி விற்பனை நின்றுவிட்டது, நேரான பழசு இனிமேல் குறையத்தான் போகிறது.