கழகமும் ஆட்டக்காரரும்: ‘ஃபீவர் பிட்ச்’ நூலை முன்வைத்து ஒரு நோக்கு

1992ஆம் ஆண்டிலே நிக் ஹோண்பி என்னும் ஆங்கில எழுத்தாளர் வெளியிட்ட ‘ஃபீவர் பிட்ச்’ என்ற நூல் உதைபந்தாட்டம் பற்றியது எனப் பொதுவாகக் கூறப்படினும், உண்மையில் அது ஆடுவோரைப் பற்றியதன்று, பார்ப்போனைப் பற்றியது. 1968இல், பதினொரு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் இலண்டன் ஹைபரி மைதானத்துக்குச் சென்று, ஆர்சனல் கழகம் ஸ்ரோக் சிற்றியுடன் ஆடிய ஆட்டத்தைக் கண்டது முதலாக, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஒரே கழகத்தைப் பின்தொடர்ந்த ஒருவனின் தன்வரலாறு அது. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஆட்டத்தையும் அதன் திகதியையும் தலையிலே தாங்கி வருகின்றது. பெற்றோரின் பிரிவு, கல்வி, காதல், உளச்சோர்வு யாவும் அத்திகதிகளின் இடுக்குகளிலேதான் இடம்பெறுகின்றன. நூலின் நகைச்சுவை பெரிதும் பாராட்டப்பட்டது. ஆயின், அந்நகைச்சுவையின் அடியிலே கிடக்கும் வினா போதிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. ஆடுவோர் அனைவரும் மாறிய பின்னரும் ஒருவன் எதன்மீது பற்றுக் கொண்டிருக்கின்றான் என்பதே அவ்வினா.

நூலின் உச்சக்கட்டம் 1989 மே 26ஆம் திகதி லிவர்பூல் அன்ஃபீல்ட் மைதானத்தில் நிகழ்ந்த ஆட்டமாகும். இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலொழிய ஆர்சனலுக்குச் சம்பியன் பட்டம் இல்லை என்ற நிலையில், மேலதிக நேரத்தில் மைக்கல் தோமஸ் இரண்டாவது கோலைப் போட்டார். 1968இல் அக்கழகத்துக்கு ஆடியவர்களுள் ஒருவர்தானும் அன்று களத்தில் இல்லை. ஒருவர் மட்டும் களத்துக்கு வெளியே முகாமையாளராக நின்றார்: ஜோர்ஜ் கிரகாம். மற்றையோர் சென்ற இடம் பலவாறு. அந்தக் கோலைப் போட்ட தோமஸே 1991 டிசெம்பரில் லிவர்பூல் கழகத்துக்கு மாறினார். 1992 மே மாதத்து எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலின் சிவப்புச் சட்டை அணிந்து கோலும் போட்டார். இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1980இல், ஹோண்பியின் பெருவிருப்புக்குரிய லியம் பிரேடி இத்தாலியின் யுவென்டஸ் கழகத்துக்குச் சென்றிருந்தார். அப்பிரிவு நூலிலே ஓர் இழவுச் செய்தியின் கனத்தோடு நிற்கின்றது. ஆனால் பிரேடியின் பின்னே இரசிகன் தூரின் நகருக்குச் செல்லவில்லை, செல்ல நினைக்கவுமில்லை. ஹைபரியிலேயே இருந்து புதியவனைத் திட்டத் தொடங்கினான்.

இரசிகர்கள் ஒரு பழங்கதையைச் சொல்வதுண்டு. முன்னாளில் வீரர்கள் ஒரே கழகத்துக்கு உழைத்தார்கள், ஊர்ப்பற்று உடையவர்களாக இருந்தார்கள், இன்றோ பணத்துக்கு ஓடுகின்றார்கள் என்பது அக்கதை. வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. 1888இல் பன்னிரண்டு கழகங்களுடன் இங்கிலாந்தின் லீக் தொடங்கியது. 1893 முதல், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரனின் பதிவைக் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் முறை நடைமுறைக்கு வந்தது. கழகம் விட்டாலன்றி அவன் லீக்கின் வேறெந்தக் கழகத்திலும் ஆட இயலாது. 1901இல் வாரத்துக்கு நான்கு பவுண் என உச்ச ஊதியமும் வரையறுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்து 1961இல் அவ்வரம்பு நீக்கப்பட்டபோது அது இருபது பவுணாகவே இருந்தது. பிறெஸ்ரன் கழகத்தின் ரொம் ஃபினி, குழாய்த் தொழிலாளியாகவும் உழைத்தவர், தம் ஆட்டவாழ்வு முழுவதையும் பிறந்த ஊர்க் கழகத்திலேயே கழித்தார். பற்றுறுதிக்கு அவரை எடுத்துக்காட்டாதவர் இல்லை. 1952இல் இத்தாலியின் பலேர்மோ கழகம் பெருந்தொகை தந்து அவரை அழைத்ததும், பிறெஸ்ரன் நிருவாகம் அவரை விட மறுத்ததும் அவ்வாறு எடுத்துக்காட்டுவோர் நினைவில் அரிதாகவே நிற்கின்றன. ஃபினி ஊரை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் பூட்டிய கதவுக்குள் இருப்பவனின் விருப்பத்தை எவ்வாறு அளப்பது? நியூகாசிலை விட்டு நீங்க முயன்ற ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், 1963இல், நீதியரசர் வில்பர்ஃபோர்ஸ் இப்பதிவுமுறை தொழிற் சுதந்திரத்தை நியாயமின்றித் தடுப்பது எனத் தீர்ப்பளித்த பின்னரே அக்கதவு சற்றுத் திறந்தது.

கழகம் மாறிய வீரன்மீது இரசிகன் கொள்ளும் சினத்தைத் தமிழ் மரபிலே செஞ்சோற்றுக்கடன் என்னும் கருத்தைக் கொண்டு விளக்கலாம். கன்னன் துரியோதனனை விட்டு நீங்காமைக்குக் காரணமான அக்கடனையே மைதானத்தின் படிக்கட்டுகளில் நிற்பவன் வீரனிடம் எதிர்பார்க்கின்றான். ஆயின், சோறு இட்டவர் யார்? கன்னனுக்கு அங்கதேசம் கிடைத்தது. உச்ச ஊதியக் காலத்து ஆட்டக்காரனுக்கு வாரக்கூலி கிடைத்தது, அதுவும் நிருவாகிகளின் கையாலே. அக்கூலிக்கான காசை வாயிலிலே கொடுத்தவன் இரசிகன். தான் இட்ட சோற்றின் கடனைத் தன்னைப் போன்ற இன்னொரு கூலிக்காரனிடம் கேட்கும் அவன், இடையிலே நின்று அகப்பை பிடித்தவரை நோக்கி ஒன்றும் கேட்பதில்லை.

ஹோண்பி இதனை முற்றாக உணராதவரல்லர். கஸ் சீசர் என்னும் பின்கள வீரரைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று எனத் துணிந்து கூறலாம். பள்ளி, மாவட்டம், இளைஞர் அணி என ஒவ்வொரு படியிலும் தன்னையொத்த அனைவரையும் விஞ்சிய ஒருவன், ஈற்றுப் படியிலே போதாதவன் என்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நகைக்கப்படுவதை அவர் கருணையுடன் காட்டுகின்றார். ஆட்டக்காரனும் ஒரு தொழிலாளி, தொழிலிழப்பு அவனுக்கும் தொழிலிழப்பே என்ற தெளிவு அங்கே மின்னுகின்றது. அடுத்த ஆட்டம் வந்ததும் அது மறைந்துவிடுகின்றது.

1995 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் போஸ்மன் வழக்கிலே வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாற்றுப்பணம் இன்றிக் கழகம் மாறலாம் என்றது. ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதித்தலும் செல்லாதெனக் கண்டது. விளைவுகள் விரைந்து தோன்றின. 1999 டிசெம்பர் 26இல் செல்சி கழகம் ஒரு பிரித்தானியரும் இல்லாத பதினொருவரைக் களமிறக்கியது. 2005 பெப்ரவரியில் ஆர்சனலின் பதினாறு பேர் கொண்ட அணியிலும் பிரித்தானியர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. 2001இலே பரம எதிரியான ரொற்றன்ஹாமின் தலைவர் சோல் கம்பெல் ஒப்பந்தம் முடிந்து ஆர்சனலுக்கு வந்தபோது, ஒரு தெருவிலே துரோகியானவர் மறு தெருவிலே வீரரானார். இவ்வளவுக்குப் பின்னரும் இருக்கைகள் வெறுமையாகவில்லை. ஆட்டக்காரரின் ஊரும் நிலைபேறும் பற்றுக்கு அடிப்படையல்ல என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. ஹோண்பி தாமும் ஆர்சனலின் அயலாரல்லர். மெய்டன்ஹெட் என்னும் புறநகரிலே வளர்ந்து, வேரற்ற தம் வாழ்வுக்கு வட இலண்டனின் வேரொன்றைச் சுவீகரித்துக் கொண்டவர்.

இங்கேதான் நூலின் குறைபாடும் வெளிப்படுகின்றது. பற்றினை ஹோண்பி ஒரு நோயாக, தனிமனித உள்ளத்தின் காய்ச்சலாகக் காண்கின்றார். தலைப்பும் அதனையே உணர்த்துகின்றது. நோயெனின் நோயாளியை மட்டும் ஆராய்ந்தால் போதுமாகிவிடும். விட்டு நீங்கமாட்டாத வாடிக்கையாளன் வணிகனுக்கு எத்துணைப் பெறுமதி மிக்கவன் என்ற ஆராய்ச்சி தேவைப்படாது. 1991இலே ஆர்சனல் நிருவாகம், பருவகாலச் சீட்டு வாங்கும் உரிமைக்கே ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட பிணைமுறிகளை விற்க முற்பட்டது. வீரன் மாறிப்போகக்கூடியவன், ஆகவே அவனுக்கு ஊதியம் உயர்ந்தது. இரசிகன் மாறமாட்டாதவன், ஆகவே அவனுக்குச் சீட்டின் விலை உயர்ந்தது. பற்றுக்குச் சந்தையிலே இடப்பட்ட விலை அதுவாகும். ஹோண்பி இக்கொள்கைமீது சலிப்புறுகின்றார். ஆனால் கழகம் யாருடைய சொத்து என்னும் கேள்வியை வற்புறுத்துவதில்லை.

அக்கேள்வியை வற்புறுத்தியவர்கள் தென் இலண்டன் விம்பிள்டன் கழகத்து இரசிகர்கள். 2002 மே மாதத்தில், அக்கழகத்தை ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ற்றன் கீன்ஸ் நகருக்கு மாற்ற உரிமையாளர் பெற்றிருந்த எண்ணத்துக்கு அனுமதி கிடைத்தது. வீரர், ஒப்பந்தம், லீக்கில் இடம் அனைத்தும் சட்டப்படி கழகத்துடன் சென்றன. இரசிகரில் பெரும்பாலார் செல்லவில்லை. அவர்கள் சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை அமைத்து, ஊரின் பொதுவெளியிலே எவரும் வரலாம் எனத் தேர்வு நடத்தி ஆட்டக்காரரைத் திரட்டினர். ஒரு வீரரும் இல்லாதிருந்த அந்நாட்களிலும் கழகம் இருந்தது. ஒன்பதாம் படிநிலையிலே தொடங்கி 2011இல் அது லீக்கினுள் நுழைந்தது.

பழைய பிளவ் லேன் மைதானத்துக்கு அண்மையிலே சொந்த அரங்கை நிறைவேற்றப் பணம் போதாதபோது, அவ்விரசிகர்களிடமும் பிணைமுறிகளே விற்கப்பட்டன. ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் திரண்டது. ஆர்சனலில் முணுமுணுப்பை எழுப்பிய அதே பத்திரம் இங்கே மனமுவந்து வாங்கப்பட்டமைக்குக் காரணம், கழகம் இரசிகரின் பொது நம்பிக்கைச் சொத்தாக இருந்தமையே. 2020 நவம்பர் 3ஆம் திகதி டொன்காஸ்டர் றோவர்ஸுடன் அங்கே முதல் ஆட்டம் நிகழ்ந்தது. 2002இல் பொதுவெளித் தேர்விலே திரட்டப்பட்டவர்களுள் எவரும் அன்று ஆடவில்லை. கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகள் காரணமாக இரசிகரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. இருக்கைகள் அனைத்தும் வெறுமையாகக் கிடந்தன.