இரண்டாம் படத்துக்குப் பிறகு

எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்கான விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் இரண்டு படங்கள் இருக்கும். முதலாவதில் பருத்து, சிரிக்காமல் நிற்பாள். இரண்டாவதில் மெலிந்து சிரிப்பாள். நாகர்கோவிலில் நான் பார்த்த பலகையிலும் அப்படித்தான். எந்த அறுவைசிகிச்சை, இரண்டாம் படம் எத்தனையாவது மாதத்தில் எடுத்தது, அதன் பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

என் மைனிக்கு ஸ்லீவ் செய்து ஆறு வருடமாகிறது. அதற்கு முன்பு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "வண்ணம் வச்சிட்டியே மக்கா" என்பார்கள். முதல் வருடம் எல்லோரும் மெச்சினார்கள். நான்காம் வருடம் குறைந்ததில் ஒரு பகுதி திரும்பி வந்தது. "இவ்வளவு ரூவா செலவாக்கியும் வாயைக் கட்டத் தெரியலியே" என்றார்கள் வீட்டில். மருத்துவமனையில் "டயட் ஒழுங்கா இருக்கலியா?" என்று கேட்டார்கள். இரண்டிலும் குற்றவாளி அவள்தான்.

ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள்; பத்தாம் வருடம் அது 25 ஆனது. இரைப்பையில் பட்டை போட்டவர்களுக்கு 20 சதவீதம் 14 ஆனது. ஆக, கொஞ்சம் எடை திரும்புவது பொதுவானது. எவ்வளவு நிலைக்கும் என்பது அறுவைசிகிச்சையின் வகையையும் பொறுத்தது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்து வருட முடிவில், ஸ்லீவ் செய்தவர்கள் 'கூடுதல் எடை'யில் 43.5 சதவீதமும் பைபாஸ் செய்தவர்கள் 50.7 சதவீதமும் குறைந்திருந்தார்கள். இங்கே சதவீதத்தையும் கவனிக்க வேண்டும். 60 கிலோ இருக்க வேண்டியவள் 100 கிலோ இருந்து 20 கிலோ குறைந்தால், அது உடல் எடையில் 20 சதவீதம். கூடுதல் எடையில் 50. விளம்பரத்துக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

நான் அறுவைசிகிச்சைக்கு எதிரி அல்ல. சுவீடன் ஆய்வில் அது மரணங்களையும் குறைத்தது. ஆனால், எடை குறைந்த உடல் முன்னைவிடக் குறைவாகவே ஆற்றலைச் செலவழிக்கிறது. பசியும் மெல்லத் திரும்புகிறது. அதனால் குறைந்த எடையைக் காப்பது ஆயுள்கால வேலை. சிறிது சிறிதாக, மெதுவாக, புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகளை விடக்கூடாது. மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம்.

இந்த வேலையை அவள் எந்த வீட்டில் செய்கிறாள்? எங்கள் ஊர் அடுக்களையில் மீன் துண்டுகள் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கடைசியில் உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது குழம்பும் மரச்சீனியும்தான். புரதத்தை முதலில் சாப்பிடச் சொல்லும் உணவுத்தாள் இந்தப் பந்தி வரிசையைப் பார்ப்பதில்லை. சுவீடன் ஆய்வில் அறுவைசிகிச்சை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். யார் சமைத்தார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள் என்பதை எடைச் சதவீதம் சொல்லாது.

அந்தப் பலகையை இனிப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த அறுவைசிகிச்சை? எத்தனையாவது வருடம்? எதில் சதவீதம்? நான்காவது கேள்வியை வீட்டில் கேட்க வேண்டும்: முதல் மீன் துண்டு யாருக்கு?