மெய்ஸியின் ஆறு மாதங்கள்

விவாகரத்தான தம்பதிகள் குழந்தையின் விடுமுறை நாட்களைப் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். இதில் நாவலுக்கு என்ன விஷயம் இருக்கிறது என்று கேட்கலாம். ஹென்றி ஜேம்ஸ் 1897ல் வெளியிட்ட 'வாட் மெய்ஸி நியூ'வைப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள். அதில் பங்குபோடப்படுவது விடுமுறை மட்டுமல்ல, வருஷம் முழுவதுமே.

கோர்ட்டு மெய்ஸியைத் தகப்பனிடம் ஒப்புவிக்கிறது. ஆனால் அவளுடைய பராமரிப்புக்கென்று தாய் முன்பு கொடுத்திருந்த 2,600 பவுண்டுக்கு அவனால் கணக்குச் சொல்ல முடியவில்லை. திருப்பித் தரவும் வழியில்லை. ஆகவே சமரசம்: ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. கடனைக் கேட்காமலிருக்கப் பாதிக் குழந்தை விலையாகிறது.

முதலில் அவளை விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனமில்லை. வசவுகளை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்ல அவள் வேண்டியிருக்கிறாள். பிறகு, அவளை மற்றவர் தலையில் கட்டுவதுதான் சரியான பழிவாங்கல் என்று கண்டுகொள்கிறார்கள். அன்பில்லாத இரண்டு காரியங்களுக்கும் அதே ஆறு மாதக் கணக்கு உதவுகிறது என்று காட்டியதுதான் ஜேம்ஸின் சாதனை.

குழந்தை இதை உபதேசம் கேட்டு அறிவதில்லை. கேட்டதை ஒப்பிப்பதை நிறுத்திவிடுகிறாள். மந்தபுத்தி என்று பெயரெடுக்கிறாள். நாவலில் மிகவும் துக்ககரமான பகுதி இது என்றே நினைக்கிறேன்.

பிற்பகுதியில் மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் சிக்கல்கள் நீண்டுவிடுகின்றன, நடையும் கடினம்தான். ஆனாலும் முடிவு நிற்கிறது. மெய்ஸி பெற்றவர்கள் இருவரிடமும் போவதில்லை; தன்னை வளர்த்த ஏழை உபாத்தியாயினியுடன் கப்பலேறுகிறாள்.

கோடை லீவைச் சரிபாதியாக எழுதி வாங்குகிறவர்கள், கையெழுத்துப் போடுமுன் இந்நாவலைப் படிக்கலாம்.