மூளையோடு முடிந்துவிடுவானா மனிதன்?

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது அது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் இன்றும் சிப்பிகளைக் கல்லாகக் காட்டும் அந்தப் பழங்கடல் இப்பகுதியில் பரந்திருந்த காலத்தில், வண்டலுள் புதைந்து, இழைதோறும் கனிமம் ஊறிக் கல்லாகிப் போன மரம். நீளம் சுமார் 18 மீட்டர். அதனைக் கண்டு வந்த மாணவர் ஒருவர், “மரத்தின் உருவம் அப்படியே இருக்கிறது, ஹஜ்ரத், உயிர்தான் இல்லை. உடல் வேறு, ரூஹு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?” என்றார். அவருடைய ஈமானைப் போற்றினேன், சான்றை ஏற்கவில்லை. கல்லானபோது உயிர் மட்டுமா போயிற்று? சாறும் போயிற்று, நாரும் போயிற்று. உவமை ஒன்றை விளக்கித் தருமேயன்றி நிறுவித் தராது.

சின்னாட்கள் கழித்து, இதற்கு நேர்மாறான முடிவோடு லெப்பைக்குடிக்காட்டு இளைஞர் ஒருவர் வந்தார். நாற்பதாண்டுக் காலம் இமாமத் செய்த அவருடைய பாட்டனார், பக்கவாதம் கண்டபின் பெற்ற மக்களின் பெயரையும் மறந்து படுக்கையில் கிடக்கிறார். “நன்னாவின் மூளை போயிற்று, அதோடு நன்னாவும் போய்விட்டார். அங்கே இருப்பது வெறும் உடல்தான்” என்ற இளைஞர், தம்மை அம்முடிவுக்குக் கொண்டுவந்த ஆங்கில நூலையும் என் கையில் வைத்தார். அகராதியின் துணையோடு அதனைப் பொறுமையாகப் படித்து முடித்தேன்.

நூலின் பெயர் ‘ஃபேன்டம்ஸ் இன் த பிரெய்ன்’. வி.எஸ். இராமச்சந்திரனும் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயும் எழுதி 1998இல் வெளியிட்டது. இராமச்சந்திரன் தமிழகத்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலில் தொடுகையை உணர்கிறார். மூளையில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அண்டை வீடுகள். கை போனபின் முகத்தின் செய்தி அந்த வெற்றிடத்தில் புகுந்துவிடுகிறது என்பது ஆசிரியர் தரும் விளக்கம். மற்றொருவருக்கு, பெட்டியொன்றில் கண்ணாடியை நிறுத்தி, உள்ள கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டுகிறார். பல்லாண்டாக மரத்துக் கிடந்த ‘கை’ அசைவதாக அவர் உணர்ந்து வியக்கிறார். பெருஞ்செலவுக் கருவி ஏதுமின்றி நடந்த ஆய்வு இது! படைத்தவனின் நுட்பத்தை எண்ணி நெஞ்சு நெகிழாமல் இப்பகுதிகளைப் படித்தல் இயலாது. வலிப்பு நோயர் சிலரிடம் சமய உணர்வு மிகுவதை ஆராயுமிடத்தும், அதைக்கொண்டு இறைவன் இல்லையென ஆசிரியர் தீர்ப்பெழுதவில்லை. இந்நேர்மை பாராட்டத்தக்கது.

நமது மறுப்பெல்லாம் இறுதி இயலைப் பற்றியதே. நரம்புத் துடிப்பிலிருந்து ‘சிவப்பு’ என்னும் அனுபவம் எவ்வாறு பிறக்கிறது? மனத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள சுவர் மொழியால் விளைந்த தோற்றமே என்கிறார் ஆசிரியர். நரம்பின் மொழியைப் பேச்சு மொழியில் பெயர்க்கும்போதுதான் அனுபவம் நழுவுகிறதாம். நிறம் அறிந்தவர் மூளையிலிருந்து அறியாதவர் மூளைக்கு நரம்பாலேயே பாலமிட்டால், அவரும் நிறத்தை உணர்வாராம். அரபியைத் தமிழில் பெயர்த்துச் சொல்லி ஓதிக்கொடுக்கும் தொழிலுடையவன் என்ற முறையில் கேட்கிறேன்: பொருளை உணர்பவன் ஒருவன் இருந்தாலன்றோ பெயர்ப்பு நிகழும்? பாலம் அனுபவத்தை இரண்டாமவரிடம் சேர்க்கலாம். துடிப்பு எவ்வாறு அனுபவமாயிற்று என்ற வினாவோ அங்கும் அப்படியே நிற்கிறது. ஒருவரிடமிருந்த புதிர் இருவரிடம் ஆயிற்று, அவ்வளவே. மின்முனையால் மூளையைத் தொட்டுத் தொட்டு வரைபடம் வகுத்த வைல்டர் பென்ஃபீல்டும், 1975இல் வெளிவந்த தமது நூலில், மூளையின் செயலை மட்டும் கொண்டு மனத்தை விளக்கிவிட இயலாதென்றே கருதினார்.

இதற்காக, மூளை என்ற சொல்லைக் கேட்டதும் மார்க்கத்துக்கு இடையூறு வந்ததென நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அக்லின் இருப்பிடம் கல்பா, மூளையா என்பது பழைய வழக்கு. ஷாஃபிஈ அறிஞர்கள் கல்பு என்றதையும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மூளை என்றதையும் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவி (ரஹ்) எடுத்துரைக்கிறார். மூளை என்று சொன்னதால் எவரும் ரூஹை மறுத்தவராகிவிடவில்லை. அந்தரத்தில் மிதக்கும் மனிதன், உடலை உணராத நிலையிலும் தன்னை உணர்வான் என்று கற்பித்து, ஆன்மாவின் தனித்தன்மையைக் காட்ட முயன்றார் இப்னு ஸீனா. ரூஹை ஐயமற நம்பிய இமாம் கஸ்ஸாலியோ (ரஹ்), ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில், ஆன்மா பருப்பொருளன்று என மெய்யியலார் தந்த சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பகுத்தறிவால் இவை அறுதியிட்டு நிறுவப்பட்டவையல்ல என்றார். ரூஹைப் பற்றி வினவியோர்க்கு மனித அறிவின் எல்லையை உணர்த்தியே விடையளித்தது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 85ஆம் வசனம். கல்மரத்தைக் காட்டிய மாணவருக்கும் இதுவே என் விடை.

இளைஞருக்கு வேறொன்று சொன்னேன். ஒருவன் தலையிலடித்து மற்றொருவரின் அறிவைப் போக்கிவிட்டால் முழு தியத்தும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஆகவே, அடியால் அறிவு போகும் என்பது நம் சட்ட அறிஞர்கள் அறியாததன்று. அறிவிழந்தவரிடமிருந்து தொழுகைக் கடமை நீங்குகிறது. ஆயினும் அவர் சொத்து அவருடையதே. அவரைக் கொல்பவன் மீது கொலைப்பழி அணுவளவும் குறையாது. அறிவு போயிற்று என்று தீர்ப்பளித்தவர்கள், ஆள் போய்விட்டார் என்று சொல்லவில்லை.

“நல்ல நூல்தான், தம்பி. அது சொல்லாத முடிவை அதன்மீது ஏற்ற வேண்டாம். நன்னா உன் பெயரை மறந்திருக்கலாம். அவருக்கு நீ செய்ய வேண்டியவற்றை நீ மறக்கலாகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் ஸலாம் அவருக்குச் சொல்” என்று நூலைத் திருப்பிக் கொடுத்தேன்.