பத்திரமும் மண்ணும்: சி. வி. வேலுப்பிள்ளையின் நெடுங்கவிதை குறித்துச் சில சிந்தனைகள்

சனநாயகமென்பது பெரும்பான்மையோரின் ஆட்சியே என வரையறுத்து அமைதி கொள்வோர், சுதந்திர இலங்கையின் முதலிரு ஆண்டுச் சட்டங்களை ஊன்றிப் படித்தல் நன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய அதே பாராளுமன்றம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. வாக்களித்தோரையே வாக்கற்றோராக்கிய செயல் முறைப்படியான வாக்கெடுப்பின் மூலமே நிகழ்ந்தது என்பது சிந்தனைக்குரியது.

அப்பாராளுமன்றத்திலே தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக வீற்றிருந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையை இப்பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. இயற்கை வருணனையும் உழைப்பின் துயரும் விரவிய படைப்பென்று அதனைப் பாராட்டுவோர் பலர். எனினும் அதன் உள்ளீடு ஓர் அரசியல் வாதமேயாகும்.

சட்டம் கேட்டது பிறப்பின் சான்றினை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இந்நாட்டிற் பிறந்தவனாயினும், அவனுடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களில் இதற்கு எங்ஙனம் பத்திரம் தேடுவது? கவிஞரோ இறப்பின் சான்றினை முன்வைக்கிறார். நடுகல்லுமின்றித் தேயிலைச் செடிகளின் கீழ் மண்ணோடு மண்ணாகிய மூதாதையரே அவர் காட்டும் ஆவணம். பத்திரத்துக்கு எதிராக மண்ணை நிறுத்திய இம்முரணே கவிதையின் உயிர்நிலை எனலாம்.

ஆயினும் இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது மொழி பற்றியது. யாருடைய வாழ்வு பாடப்பெற்றதோ அவர்களுட் பெரும்பாலோர் அதனைப் படிக்க இயலவில்லை. சக்தீ பாலையாவின் 'தேயிலைத் தோட்டத்திலே' 1969இல் நூலுருப் பெற்ற பின்னரே அது அவர்தம் மொழியில் அவர்களை நாடி வந்தது. அதிகாரத்திலிருந்தோரின் மொழியில் எழுதப்பட்டமையால், மூலக் கவிதையில் ஒரு விண்ணப்பத்தின் தொனி படிந்துள்ளது. சபையில் வெல்லாத வழக்கை நாட்டின் மனச்சாட்சியிடம் எடுத்துச் சென்றவருக்கு அது தவிர்க்கவியலாத தெரிவாயிருந்திருக்கலாம்.

இரண்டாவது வினா ஆழமானது. உழைத்தமையால் உரிமை என்ற வாதம் வலிமை மிக்கதே. ஆனால் அது பிரசாவுரிமையைக் கூலியாகக் கருதும் ஆபத்தையும் உடையது. உழைக்கவியலாத முதியவனும் நோயாளியும் குழந்தையும் பிரசைகளல்லரா? ஏனைய குடிமக்கள் எவரிடமும் உழைப்பின் கணக்கை அரசு கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் மட்டும் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையே அநீதி. கவிதை அவ்வநீதியை உணர்த்துகிறதாயினும், மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளிடையே எண்களாகப் பங்கிட முனைந்தது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே நாடற்ற நிலை பெருமளவு நீங்கிற்று. இன்று பத்திரம் கைக்கு வந்துள்ளது. எனினும் தாம் வாழும் லயத்திற்கும் அது நிற்கும் நிலத்திற்கும் உரித்தற்ற குடும்பங்கள் இன்னும் பல. அன்று மண்ணைக் காட்டிப் பத்திரம் கேட்டனர். இன்று பத்திரத்தைக் காட்டி மண்ணைக் கேட்க வேண்டியுள்ளது. ஆகவே இக்கவிதை பழைய துயரொன்றின் நினைவுச் சின்னமன்று. முடிவுறாத வழக்கொன்றின் முதற் சாட்சியமாகும்.