நாவும் செவியும்

சுவை என்னும் சொல்லை நாவுக்கும் கலைக்கும் பொதுவாக வைத்தது தமிழ். செவிக்கும் ஒரு சுவை உண்டென்று வள்ளுவர் கேள்வி அதிகாரத்திலே கூறினார். ஆயின் அச்சுவையை உணர்பவர் யார்? நாமா, நமக்காகப் பிறரா?

நாச்சுவையைத் தொழிலாகக் கொண்டோர் இவ்வினாவுக்கு ஒரு வழி கண்டுள்ளனர். காப்பி வாரியத்தின் தலைமையகம் நம் பெங்களூரில் உள்ளது. காப்பியின் தரம் காண்போர் பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. தோட்டத்தின் பெயரை மறைத்து, கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்து உமிழ்வர். திராட்சை மதுவுக்கும் இத்தகைய தேர்வு உண்டு. 1976 மே 24 அன்று பாரிசில் புட்டிகளின் பெயரை மறைத்து வைத்தபோது, வெண்மது, செம்மது இரண்டிலும் பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய மதுவை முதலிடத்தில் வைத்தனர். பெயர் மறைந்தது, நா பேசிற்று.

எனினும் நாவும் மயங்கும். ஏட்ரியன் நார்த் என்னும் உளவியலார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதுவை வெவ்வேறு இசை கேட்டவாறு அருந்தியோர் இசையின் இயல்பையே மதுவின் சுவையாகக் கூறினர். கனத்த இசை கேட்டோர்க்கு மதுவும் கனத்தது. செவி நாவை மயக்குமாயின், புகழ் செவியை மயக்காதா?

அம்மயக்கத்தை உதறியவர் ரசிகமணி டி.கே.சி. (1882–1954). பாடலை வாய்விட்டுப் பாடி, அதன் தாளமும் உணர்ச்சியும் நெஞ்சைத் தொட்டனவா என்று கண்டே அவர் மதிப்பிட்டார். திருநெல்வேலியில் அவருடைய வட்டத்தொட்டியில் கூடியோர் கவிதையை ஆராய்ந்ததினும் சுவைத்ததே மிகுதி. தமிழிசை இயக்கத்துக்கு அவர் துணைநின்றதும் இதனோடு இயைந்ததே. பொருள் விளங்காத பாட்டுக்குத் தலையசைப்பது பிறர் நாவால் உண்பதன்றோ!

ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. கம்பர் பாடல்களுள் தம் சுவைக்கு ஒவ்வாத பலவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார். சுவைப்போன் கோப்பையை விலக்கலாம். அதிலுள்ளதை மாற்றி ஊற்றலாகாது. தன் சுவையை நம்புவது வேறு. அதனையே நூலுக்குச் சான்றாக்குவது வேறு. முன்னது ரசிகனின் உரிமை. பின்னது ஏடுகளை ஒப்பிட்டுச் செய்ய வேண்டிய பணி.

இவ்வேறுபாட்டை மறவாது டி.கே.சி.யின் வழியை நாம் மேற்கொள்ளுதல் தகும். இந்நகரில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தமிழ் கற்பதில்லை. அவர்களுக்குத் தமிழ் செவிவழியே சேர வேண்டும். 1939இல் தொடங்கிய சாமராசப்பேட்டை இராமநவமி இசைவிழாவுக்கோ, சங்கத்துக் கவியரங்குக்கோ அவர்களை அழைத்துச் செல்வோர், “பாடியவர் யார் தெரியுமா?” என்று தொடங்க வேண்டா. “உனக்கு எது பிடித்தது? ஏன்?” என்று வினவுக. விடை தவறாயினும் அது அவர்களுடையது. மீண்டும் மீண்டும் கேட்கக் கேட்க அது திருந்தும். நாம் ஊட்டிய தீர்ப்போ, நம் குரல் ஓய்ந்ததும் மறந்துபோம்.